பகுதிநேர வேலையும் முழுநேர உரிமையும்

ஒரு கல்லூரி தனது ஆண்டு நிறைவு விழாவைக் கொண்டாடும் வேளையில், தன்னிடம் பயின்றோர் இன்று எந்தெந்த நாடுகளில் எவ்வாறு வாழ்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் இயல்பேயாகும். விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பழம்பெருமை பேசுவதும், மறைந்த ஆசிரியர்களை நினைவு கூர்வதும், விளையாட்டு வெற்றிகளைப் பட்டியலிடுவதும் மரபு. அம்மரபை யாம் குறை கூறவில்லை. ஆயினும் இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் பலரின் வாழ்வும், அவர்களை நம்பி ஊரில் இருக்கும் குடும்பங்களின் வாழ்வும் ஒரேயொரு பத்திரத்தில் தங்கியிருக்கின்றன. வெளிநாட்டு வேலை விசாவே அப்பத்திரம். அதனைப் புதுப்பிக்கும் காலத்தில், முழுநேர வேலையிலிருந்து பகுதிநேர வேலைக்கு மாறியவர் எந்நிலையை அடைகின்றார் என்பதே ஈண்டு யாம் ஆராய விரும்பும் பொருள். சிறு பொருள் போலத் தோன்றும் இதனுள் ஒரு பெரிய அறவினா அடங்கியிருக்கின்றது.

புங்குடுதீவு மக்களுக்குக் கடல் கடத்தல் புதிய செயலன்று. வானத்தை நோக்கிய வயலும், உவர்நீர்க் கிணறும், பனையும் கடலுமே செல்வமாக வாய்த்த மண்ணில், பிழைப்பைத் தேடிப் புறப்படுதல் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வந்தது. கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்தோர் பலர். மலாயாவுக்குக் கப்பலேறி அரசாங்க உத்தியோகம் பார்த்தோர் பலர். இலங்கையும் மலாயாவும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த அக்காலத்தில், பயணச் சீட்டுக்கும் நல்லெழுத்துக்கும் மேலாக அவர்களிடம் கேட்கப்பட்டது சிறிதே. பின்னர் மலாயாவில் 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் அக்கதவை ஒடுக்கிற்று. மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் சட்டமோ, குடியுரிமை பெறாதோர் தொழில் அனுமதிப் பத்திரமின்றி வேலை செய்யலாகாது என்று விதித்தது. பிரித்தானியாவும் 1962ஆம் ஆண்டில் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தின் மூலம் வேலைச் சீட்டு முறையைப் புகுத்திற்று. உழைப்பாளி முன்னே சென்று உரிமை பின்னே வந்த காலம் மாறி, பத்திரம் முன்னே சென்று உழைப்பாளி பின்னே செல்லும் காலம் இவ்வாறு பிறந்தது.

1983ஆம் ஆண்டின் கொடுமைகளும் 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் புங்குடுதீவை வெறிச்சோடச் செய்தன. அன்று சென்றோர் உயிர் காக்க அகதிகளாய்ச் சென்றனர். சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் இன்று வேரூன்றியிருப்போர் பெரும்பாலும் அவர்களே. 2022ஆம் ஆண்டில் இலங்கையைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியின் பின்னர்ச் சென்றவர்களோ வேறு வகையினர். அவர்கள் அகதிகளல்லர், ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, வேலை விசாவிற் சென்ற தொழிலாளர். அவ்வாண்டு பெப்ரவரி மாதத்திலேயே பிரித்தானியா முதியோர் பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டாரை எடுக்கும் வழியைத் திறந்தது. நகையை அடைவு வைத்தும், காணியை ஈடு வைத்தும், சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தும் பிள்ளைகளை அவ்வழியில் அனுப்பிய பெற்றோரைத் தீவகத்தில் எவ்வூரிலும் காணலாம்.

இப்புதிய பயணிகளுக்கும் பழைய பயணிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஊரார் இன்னும் நன்கு உணரவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவர் தம் வேலையை இழந்தாலும் அதனால் மட்டும் நாட்டிலிருக்கும் உரிமையை இழப்பதில்லை. வேலை விசாவில் சென்றவருக்கு வேலையே உரிமை. அதுவும் குறித்த வேலை, குறித்த முதலாளி, குறித்த சம்பளம். இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் விசா ஆட்டங் காணும்.

பிரித்தானிய விதிகளைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஸ்பொன்சர் என்று பேச்சில் வழங்கும் அனுசரணையாளராகிய முதலாளி, இன்னார் இன்ன வேலையை இத்தனை மணித்தியாலம் இவ்வளவு சம்பளத்துக்குச் செய்வார் என்று உள்துறை அலுவலகத்துக்குச் சான்றிதழ் அளிக்கின்றார். அச்சம்பளம் இரண்டு அளவுகோல்களால் அளக்கப்படுகின்றது. ஒன்று, அத்தொழிலுக்குரிய வழமைச் சம்பளம். மற்றையது, எல்லோர்க்கும் பொதுவான ஆண்டுச் சம்பளத்தின் கீழெல்லை. முதல் அளவுகோல் வேலை நேரத்துக்கேற்பச் சுருங்கும். பாதி நேரம் உழைப்பவரிடம் பாதிச் சம்பளத்தையே அது எதிர்பார்க்கும். இரண்டாவது அளவுகோலோ சுருங்காது. இருபது மணித்தியாலம் உழைத்தாலும் நாற்பது மணித்தியாலம் உழைத்தாலும் அது ஒரே தொகையையே கேட்கும். இவ்வேறுபாட்டை அறியாமையே பலரைக் குழியில் தள்ளுகின்றது. "பகுதிநேர வேலைக்குத் தடையில்லை" என்று நண்பர் ஒருவர் சொல்வது உண்மையே. தடை வேலை நேரத்தில் இல்லை, சம்பளத்தில் இருக்கின்றது.

தொகைகளையும் அறிந்து கொள்க. திறன்மிகு தொழிலாளர் விசாவுக்குரிய பொதுக் கீழெல்லை 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வரை 26,200 ஸ்ரேலிங் பவுணாக இருந்தது. அம்மாதம் அது 38,700 ஆக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி முதல் 41,700 ஆயிற்று. சுகாதார, பராமரிப்புத் தொழிலாளருக்குக் குறைந்த எல்லை உண்டு; 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அது 25,000 பவுணாக வகுக்கப்பட்டது. மணித்தியாலத்துக்கு 12.82 பவுண் வீதம், கிழமைக்கு 37.5 மணித்தியாலம், ஆண்டு முழுவதும் உழைத்தால் ஏறக்குறைய அத்தொகை வரும். அதாவது, பராமரிப்பாளர் ஒருவர் முழுநேரம் உழைத்தால் மட்டுமே எல்லையைத் தொடுவார். அதே கூலியில் கிழமைக்கு 20 மணித்தியாலமாகக் குறைத்தால் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 13,330 பவுண். அங்கே விசா நில்லாது. 30 மணித்தியாலம் உழைத்து விசாவைக் காக்க வேண்டுமாயின், மணித்தியாலத்துக்குப் பதினாறு பவுணுக்கு மேல் கூலி வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைத் தாதி ஒருவரை எண்ணிக் கொள்க. இங்கிலாந்தின் 2025-26ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டப்படி, ஐந்தாந் தரத் தாதியின் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண். மகப்பேற்று விடுமுறை முடிந்து திரும்பும் அவர், கைக்குழந்தையை எண்ணிக் கிழமையில் ஐந்து நாளுக்குப் பதிலாக நான்கு நாள் வேலை கேட்கின்றார். முதலாளியும் மனமுவந்து இணங்குகின்றார். 37.5 மணித்தியாலம் 30 ஆகின்றது. சம்பளம் 24,839 ஆகின்றது. தலைநகரப் படி போன்ற உறுதியான படிகள் இல்லாத ஊராயின், எல்லைக்கு 161 பவுண் குறைவு! அவர் 30 மணித்தியாலத்துக்குப் பதிலாக 30.5 மணித்தியாலம் கேட்டிருப்பின் சம்பளம் 25,250 பவுணைத் தாண்டியிருக்கும், விசாவும் தப்பியிருக்கும். கிழமையில் அரை மணித்தியாலம் ஒரு குடும்பத்தின் தலைவிதியாகின்றது. இதனை அத்தாதிக்கு முன்கூட்டிச் சொல்வார் யார்?

சம்பளம் எல்லைக்குக் கீழ் இறங்கினால் நிகழ்வது யாது? முதலாளி பத்து வேலை நாளுக்குள் மாற்றத்தை அறிவித்தல் வேண்டும். அனுசரணையையும் நிறுத்துதல் வேண்டும். அதன்பின் விசாவின் காலம் குறைக்கப்படும். வேறு முதலாளியைத் தேடுதற்கோ நாட்டை விட்டு நீங்குதற்கோ வழமையாகக் கிடைப்பது 60 நாள் மாத்திரமே. விசா முடிய அதனினுங் குறைந்த காலமே எஞ்சியிருப்பின், அவ்வெஞ்சிய நாளே கிடைக்கும்.

சட்டம் முற்றாக இரக்கமற்றது என்று சொல்வதும் நீதியன்று. மகப்பேறு, தந்தைமை, தத்தெடுப்பு, நோய் ஆகியவற்றுக்குரிய விடுமுறைகளால் சம்பளம் குறைவதை அது பொறுக்கின்றது. நோயுற்றவர் சிறிது சிறிதாக வேலைக்குத் திரும்பும்போது, தொழில்சார் மருத்துவ மதிப்பீடு இருப்பின், மணித்தியாலக் கூலி குறையாத வரையில், தற்காலிக நேரக் குறைப்பையும் ஏற்கின்றது. ஆனால் குழந்தை பிறந்த ஆண்டை மதிக்கும் அச்சட்டம், குழந்தை வளரும் ஆண்டுகளை மதிப்பதில்லை. தன் நோய்க்கு இடமளிக்கும் அது, பக்கவாதத்தில் வீழ்ந்த கணவனையோ நோயுற்ற பிள்ளையையோ பார்க்கும் நீண்ட கடமைக்கு இடமளிப்பதில்லை. பிறர் வீட்டு முதியோரைப் பராமரிக்க அழைக்கப்பட்டவர், தம் வீட்டாரைப் பராமரிக்க நேரம் எடுத்தால் அந்நாட்டில் இருத்தற்கு ஆகாதவராகின்றார். இம்முரணே எம் நெஞ்சை உறுத்துகின்றது.

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர் நிலை சற்று வேறு. அங்கே பலர் அகதி விண்ணப்பத்தின் வழியே வந்து, 'எவ்' என்னும் தற்காலிக அனுமதியிலிருந்து 'பி' அனுமதிக்கும், பின்னர் 'சி' என்னும் நிரந்தர வதிவிட அனுமதிக்கும் ஏறியவர்கள். அந்நாட்டில் பகுதிநேர வேலை பெருவழக்கு. அதனை மட்டுங்கொண்டு அனுமதி மறுக்கப்படுவதில்லை. ஆயினும் நேரத்தைக் குறைத்தபின் குடும்பச் செலவுக்குப் போதாமல் அரச சமூக உதவியை நாடினால் சிக்கல் தொடங்குகின்றது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 'சி' அனுமதியையும் 'பி' அனுமதியாகத் தரமிறக்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வாழ்ந்தவரின் 'சி' அனுமதியைச் சமூக உதவியைக் காரணங்காட்டிப் பறிக்கலாகாது என்றிருந்த பழைய காப்பும் அத்திருத்தத்தோடு நீங்கிற்று. நோய், உடற்குறை முதலிய தக்க காரணங்களைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்று அச்சட்டமே கூறுகின்றது. ஆதலின் அங்கு வாழ்வோர், நேரத்தைக் குறைக்கும் காரணத்தை வைத்தியச் சான்றோடும் எழுத்தோடும் பேணி வைத்தல் அறிவுடைமை.

இவ்வரசுகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டென்பதை மறுக்கலாகாது. ஆண்டுச் சம்பளத்துக்குக் கீழெல்லை இல்லையாயின், பேராசை கொண்ட முதலாளி பத்துப்பேரை அழைத்து, ஐந்துபேருக்குரிய வேலையை அவர்களுக்குப் பங்கிட்டு, பட்டினியில் வாட்டுவான். இது வெறுங் கற்பனையன்று. முழுநேர வேலை தருவதாக எழுதிக் கொடுத்து ஆட்களை அழைத்து, வந்தபின் நேரம் கொடாது அலைக்கழித்த பராமரிப்பு நிறுவனங்கள் இருந்தன. நூற்றுக்கணக்கான பராமரிப்பு நிறுவனங்களின் அனுசரணை உரிமம் அண்மை ஆண்டுகளில் பறிக்கப்பட்டது. அவ்வாறு நிர்க்கதியான தொழிலாளரை முதலில் வேலைக்கு எடுக்க முயன்ற பின்னரே வெளிநாட்டிலிருந்து ஆள் அழைக்கலாம் என்று 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் இங்கிலாந்துக்கு விதி செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 22ஆம் தேதியோடு, பராமரிப்பாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கும் வழியே அடைக்கப்பட்டது. ஆகவே, எல்லை வகுத்தல் தவறு என்பது எம் வாதமன்று. முதலாளி நேரத்தைத் திருடுவதும், தொழிலாளி தன் கடமை கருதி நேரத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே தண்டனை விதித்து, அத்தண்டனையையும் தொழிலாளியின் தலையிலேயே சுமத்துவதுதான் தவறு என்கின்றோம். ஓரிடத்தில் ஈராண்டு முழுநேரம் உழைத்த ஒருவர், சிறு குழந்தைக்காகவோ நோயுற்ற குடும்பத்தவருக்காகவோ நேரத்தைக் குறைப்பின், ஒரு குறித்த காலத்துக்கேனும் பொதுக் கீழெல்லையும் நேரத்துக்கேற்பக் கணிக்கப்படுதல் வேண்டும். மணித்தியாலக் கூலி குறையாதிருப்பின் உள்நாட்டுத் தொழிலாளருக்கு இதனால் யாதொரு கேடும் இல்லை.

இக்கோரிக்கைக்கு இன்று அவசரமும் உண்டு. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு என்பதே திறன்மிகு தொழிலாளருக்குரிய விதியாக இருந்து வந்தது. அதனைப் பொதுவிற் பத்தாண்டாக நீட்ட வேண்டும் என்று பிரித்தானிய அரசு 2025ஆம் ஆண்டு மே மாத வெள்ளை அறிக்கையில் முன்மொழிந்தது. ஐந்தாண்டு மூச்சைப் பிடித்து முழுநேரம் உழைத்தல் ஒருவாறு இயலும். இருபத்தைந்து வயதில் விமானமேறிய பெண் முப்பத்தைந்து வயது வரை நேரத்தைக் குறைக்கலாகாது என்பது, பிள்ளைப்பேற்றையும் உரிமையையும் தராசின் இரு தட்டில் வைத்து ஒன்றைத் தெரிந்தெடு என்பதாகும். பிரித்தானியாவில் வாக்குரிமை பெற்று வாழும் எம் பழைய மாணவர்கள் இதனைத் தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுதல் அவர்களின் கடன். பொதுநலவாய நாட்டுப் பிரசைகளாய் அங்கு முறைப்படி வதியும் இலங்கையர்க்கும் அந்நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

சட்டம் திருந்தும் வரை காத்திராது, இன்றே செய்யத்தக்கன சில உள. முதலாவது, நேரத்தைக் குறைக்கும்படி முதலாளியிடம் கேட்கு முன்னரே, புதிய நேரத்துக்குரிய ஆண்டுச் சம்பளத்தைக் கணக்கிட்டு, தம் விசாவுக்குரிய எல்லையோடு ஒப்பிடுக. எல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும். முதற் சான்றிதழ் பெற்ற நாள், தொழில், சம்பளத் திட்டம் என்பவற்றைப் பொறுத்தது. ஆதலின் அயலவர் கணக்கு நமக்கு உதவாது. இரண்டாவது, வாய்ப்பேச்சை நம்பாது, முதலாளியின் சம்மதத்தையும், அவர் அம்மாற்றத்தை அறிவித்தமையையும் எழுத்திற் பெறுக. மூன்றாவது, சம்பளத் துண்டுகளையும் வேலை நேர அட்டவணைகளையும் ஒன்றும் விடாது சேமிக்க. முதலாளியே நேரம் கொடாதபோது அவையே சாட்சி. நான்காவது, இரண்டாவது வேலை பற்றிய மயக்கத்தை ஒழிக்க. அனுசரணை பெற்ற வேலையைத் தொடர்ந்து செய்து கொண்டே, அதற்கு மேலதிகமாகக் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை பிறிதொரு தகுதியான வேலை செய்ய விதி இடமளிக்கின்றது. முதல் வேலையை எல்லைக்குக் கீழே குறைத்து இரண்டாவதால் நிரப்ப அது இடமளிக்கவில்லை. ஐந்தாவது, கணவன் மனைவி இருவரில் ஒருவர் அனுசரணை பெற்றவராகவும் மற்றவர் அவரைச் சார்ந்து வந்தவராகவும் இருப்பின், சார்ந்து வந்தவருக்கு வேலை நேரத்தில் இவ்வெல்லை இல்லை. நேரத்தைக் குறைக்க வேண்டியவர் யார் என்பதை அக்குடும்பம் இருந்து சிந்தித்து முடிவு செய்க. 2024ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதிக்குப் பின் அவ்வழியிற் சேர்ந்த பராமரிப்பாளருக்குக் குடும்பத்தை அழைக்கும் வாய்ப்பே இல்லாமற் போனமை வேறொரு துயரம். ஆறாவது, பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை கூறுவதற்குப் பதிவோ, வழக்கறிஞருக்குரிய தகுதியோ வேண்டும். அவையின்றிக் காசு கேட்கும் முகவரை வாயிலிலேயே வழியனுப்புக.

ஊரிலிருக்கும் உறவினருக்கும் ஒரு சொல். குறிகாட்டுவானில் வந்திறங்கும் வெளிநாட்டு உறவினரின் பெட்டியைக் கண்டு அவர்தம் வாழ்வை அளத்தல் ஆகாது. கோயில் திருப்பணிக்கும் கலியாணத்துக்கும் கடன் தவணைக்கும் மாதந்தோறும் வரும் பணத்தின் பின்னே, நோயையும் மறைத்து இரவு வேலைக்குச் செல்லும் ஒரு பிள்ளை இருத்தல் கூடும். "சிறிது காலம் வேலையைக் குறைக்கப் போகின்றேன்" என்று அப்பிள்ளை சொல்லும்போது, "அயல்வீட்டுப் பிள்ளை எவ்வளவு அனுப்புகின்றான் பார்" என்பது பெற்றோர் சொல்லத் தக்க சொல்லன்று. பணங் குறையினும் பிள்ளை குறையாதிருத்தலே பெரிது. அவசரத்தில் வேலையை விட்டுவிடாது விதியை அறிந்து செயற்படும்படி அறிவுரை கூறுதலும், சிறிது காலம் அனுப்பும் தொகையைக் குறைத்துக்கொள் என்று தாமாகவே முன்வந்து சொல்லுதலும் அன்புடைமையாகும்.

இறுதியாகக் கல்லூரியின் கடமை. மொழி கற்பிப்போர் கடமை செய்யுளுக்குப் பொருள் சொல்வதோடு முடிவதில்லை. ஒப்பந்தம் ஒன்றை வரி வரியாகப் படித்து, அதில் என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லப்படவில்லை என்று கண்டறியும் பழக்கமும் மொழிப் பயிற்சியே. உறுதியும் ஈட்டுப் பத்திரமும் வாசிக்கத் தெரியாது காணியை இழந்த குடும்பங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம், வேலை ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது வாழ்வை இழக்கும் மக்களை உருவாக்கலாகாது. உயர்தர வகுப்பு மாணவருக்கு ஆண்டில் இரண்டு பாடவேளையேனும் இதற்கென ஒதுக்குதல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளில் சட்டமறிந்தோரும் கணக்கறிந்தோரும் பலர் உளர். அவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, விதி மாறுந்தோறும் திருத்தி அனுப்புவார்களாயின், கட்டடத்துக்கு அளிக்கும் நன்கொடையினும் அது குறைந்த தருமமாகாது. அவர்களுள் முதலாளிகளாய் உயர்ந்தோர், தம்மிடம் வேலை செய்யும் எம் பிள்ளைகளுக்கு எழுதியபடி நேரமும் கூலியும் கொடுத்தல் அதனினும் பெரிய தருமம்.

வேலை நேரம் குறைந்தவர் மனிதத் தன்மையிற் குறைந்தவரல்லர். இவ்வுண்மையைச் சட்டங்கள் ஏற்கும் நாள் வரும் என்று நம்புவோம். அதுவரை, எம் கல்லூரியிற் பயின்ற எவரும், அறிந்து கொள்ளத் தக்க ஒரு விதியை அறியாமையால் மட்டும் 60 நாளில் பெட்டி கட்டினார் என்னும் பழி வாராது காத்தல் நம் எல்லோர்க்கும் கடன். விழாக் காணும் கல்லூரி வாழ்க! அதன் புதல்வர் எந்நாட்டிலும் அறிவோடும் மானத்தோடும் வாழ்க!